வலி இருக்கிற வரைக்கும்

கணவர் போன பிறகு வீட்டிலிருந்து அனுப்பவேண்டிய பொருள்களில் கடைசியாக மிஞ்சியது வலி மெஷின்தான். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயர் நுனியில் பசையுள்ள பட்டைகள். இடுப்பில் ஒட்டி முடுக்கினால் மின்சாரம் சுருக் சுருக்கென்று இறங்கும். வலி கொஞ்சம் வழிவிடும். பஸ் ஓட்டி ஓட்டியே இடுப்பைத் தேய்த்துக்கொண்டவர் அவர். மெஷின் வாடகையை இன்சூரன்ஸ் கட்டியது. கட்டவைத்தவள் அவள். ஒரு கிளினிக்கின் பில்லிங் கவுண்டரில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்தவளுக்கு அந்த வித்தை அத்துப்படி. ‘வலிக்கிறது’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். ‘குனிந்து செருப்புப் போட முடியவில்லை’ என்று எழுதினால் கொடுப்பார்கள்.

திருப்பிக் கொடுக்குமுன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அன்று மதியம் அதை முடுக்கினாள். பட்டைகள் அவருடைய ரெக்சின் நாற்காலியின் முதுகில் ஒட்டிக்கிடந்தன. கழற்றினால் அங்கே ஒட்டிவைப்பது அவர் வழக்கம். பட்டை உடம்பில் படாவிட்டால் மெஷின் ‘கீ’ என்று கத்தும், அதன் பச்சை விளக்கு அணைந்துவிடும். சில நாள் ஞாபகமில்லாமல் அப்படியே எழுந்து நடந்து, பட்டை பிய்ந்து, அது கத்தி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அன்று அது கத்தவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

பட்டைகளைப் பிய்த்து மேஜையில் ஒட்டினாள். கீ. சுவரில் ஒட்டினாள். கீ. நாற்காலியின் இடப்பக்கத்திலும் கீதான். வலப்பக்கம், கீழே, அவர் முஷ்டியை வைத்து அழுத்திக்கொள்ளும் இடத்தில் மட்டும் பச்சை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் அந்த இடத்தைக் கையால் நீவிவிட்டாள்.

“இன்னுமா வலிக்குது?” என்று வாய்விட்டுக் கேட்டாள்.

அதன்பிறகு மெஷினைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின், அவர் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், நாற்காலிக்கு ஒட்டிவிட்டாள்.

இன்சூரன்ஸிலிருந்து போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல்.

“மேடம், சாரோட கவரேஜ் முடிஞ்சிடுச்சு. மெஷினை எடுத்துக்க ஆள் அனுப்புறோம்.”

“வேண்டாம்மா. அது எனக்கு வேணும். அதே பாலிசியில நானும் இருக்கேன்ல?”

“இருக்கீங்க. ஆனா உங்களுக்கு என்ன வலி மேடம்?”

“வலது இடுப்பு. பழுக்கக் காய்ச்சின கம்பியை வச்சு அழுத்துற மாதிரி. குனிஞ்சு செருப்புப் போட முடியல.”

அவருக்குப் போனில் பேசவே பிடிக்காது. இத்தனை வருஷம் அவர் வலியைச் சொன்ன வாய் இதுதான். ஒரு சொல் பிசகாமல் வந்தது.

பழைய கிளினிக் டாக்டர் கேள்வி கேட்காமல் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. ஆள் வந்து அவள் உடம்பில் மெஷினை வைத்துப் பார்ப்பான். பச்சை எரிந்தால் ரீடிங் நேராக அவர்களுக்குப் போகும். போனால் மெஷின் தங்கும். இல்லாவிட்டால் அதை அவன் கையோடு எடுத்துப் போய்விடுவான். பிறகு அவர் அந்த நாற்காலியில் வெறும் வலியோடு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

வந்தவன் கரண்டு. முதன்முதலில் மெஷினை மாட்டிவிட்டவனும் அவனே. அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவள் கணவர்தான்.

“சார் இல்லாம வீடே வெறிச்சுனு இருக்குக்கா. நான் வந்தாலே ‘வாடா கரண்டு, ஷாக் குடுக்க வந்துட்டியா’ம்பாரு.”

“உக்காரு தம்பி. அதுல இல்ல, இதுல உக்காரு.”

அவள் உள்ளே போய்ப் பட்டைகளை இடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அவன் முடுக்கினான்.

கீ.

“தோல் வறண்டுபோச்சுக்கா. ஈரத்துணியால துடைச்சுட்டு ஒட்டுங்க.”

துடைத்து ஒட்டினாள். கீ. கையில் ஒட்டிப் பார்த்தான். கீ. தன் கையில் ஒட்டினான். பச்சை எரிந்து அவன் சுண்டுவிரல் துள்ளியது.

“என்னக்கா இது, மெஷின் உங்களை ஒரு ஆளாவே மதிக்கமாட்டேங்குது!” சிரித்துக்கொண்டே மறுபடி அவள் கையில் ஒட்டினான். மறுபடி கீ. சிரிப்பு நின்றது. “புதுப் பட்டை போட்டுப் பாக்குறேன். அதுவும் எடுக்கலைன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. கோச்சுக்காதீங்க.”

பையைத் துழாவுவதற்காக, பழைய பட்டைகளைப் பக்கத்திலிருந்த ரெக்சின் நாற்காலியின் முதுகில், வலப்பக்கம் கீழே, அப்பிவிட்டுக் குனிந்தான். மெஷினை அணைக்கவில்லை.

பச்சை எரிந்தது.

அவன் குனிந்த வாக்கிலேயே நின்றான். பெட்டியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தொழில் பழக்கத்தில் அவன் விரல் தானாகப் போய் லெவலை ஒரு படி ஏற்றியது. நாற்காலியின் ஸ்பிரிங் முனகியது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்வது போல.

அவன் சட்டைப்பையில் போன் மணியடித்தது. எடுத்துப் படித்தான்.

“ரீடிங் போயிடுச்சுக்கா.” போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். “உங்க பேருல பாஸாயிடுச்சு.”

“எத்தனை நாளைக்கு தம்பி?”

“வலி இருக்கிற வரைக்கும்.”

பையின் ஜிப்பைக்கூட மூடாமல் வாசலுக்குப் போனான். செருப்பில் கால் நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டான். படியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “லெவலைக் குறைச்சு வைங்கக்கா. நான் ஏத்தினது அவருக்குத் தாங்காது.”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து லெவலை இறக்கினாள். ஸ்பிரிங் மெல்லத் தளர்ந்தது. நினைத்தது நடந்துவிட்டது. மெஷின் இனி இங்கேயேதான். ஆனால் அந்தப் பச்சைப் புள்ளி எரிகிறவரை அவர் வலியும் தீரவில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் அவர் முகத்தை மூடியபோது, போகட்டும், இனி வலியில்லை என்ற ஒன்றைச் சொல்லித்தானே அழுகையை அடக்கினாள்?

நாற்காலியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். ரெக்சின் வெதுவெதுப்பாக இருந்தது.

“இந்த ஒரு தடவை கழட்ட மறந்துட்டு எந்திரிச்சுப் போங்களேன்,” என்றாள். “கத்தினா கத்தட்டும். நான் திட்டமாட்டேன்.”

பச்சை எரிந்துகொண்டே இருந்தது.