நூற்றுப் பதினேழாவது கேள்வி

இந்த வருடத் தேர்வில் என் அப்பா நூற்றுப் பதினேழாவது கேள்வியாக இருந்தார். வீட்டுக்கு ஒருவர் கேள்வியாகப் போக வேண்டும் என்பது விதி. அம்மா இல்லை. நான் தேர்வு எழுதுகிறவள். மிச்சம் அப்பாதான்.

நான் வெளிநாட்டில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவள். இங்கே ஒரு ஊசி போட வேண்டுமென்றாலும் முந்நூறு கேள்விகளில் நூற்றைம்பது சரியாக எழுதியாக வேண்டும். நான்கு முறை தோற்றாயிற்று. காய்கறிக்காரர் "டாக்டரம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா பெயர் சென்னியப்பன். மின்கம்பம் ஏறி ஏறி ஓய்வு பெற்றவர். கேள்வியான பிறகு அவரை இப்படித்தான் வாசிக்க வேண்டும்: அறுபத்திரண்டு வயது ஆண். பல வருடமாக ஆஸ்துமா. ரத்த அழுத்தம் 160/100. எந்த மாத்திரை தரலாம்?

கேள்வியோடு நான்கு விடைகளும் காந்திபுரத்தில் நாங்கள் குடியிருந்த அறைக்கே வந்து தங்கின. நாலும் ஆம்பளைகள். ஏ-வின் பெயர் அம்லோடிபின். கால் இரண்டும் வீங்கியிருக்கும், மற்றபடி சாது. பி-யின் பெயர் ப்ரோப்ரனலால். கை ஜில்லென்றிருக்கும், நாடி மெதுவாக அடிக்கும், எதற்கும் பதறமாட்டார். சி-யும் டி-யும் பி-யின் பங்காளிகள். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள்.

"ஒறம்பரை வந்தாச்சு. உப்புமா கிண்டு அம்மிணி" என்றார் அப்பா.

விருந்தாளிகளுக்கும் உப்பில்லாமல்தான் கிண்டினேன். அப்பாவின் ரத்த அழுத்தம் அப்படி. நால்வரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள்.

தினமும் காலையில் மாடிப்படியில் பாடம் திருப்புவேன். படிக்கு ஒரு நோய். அதன் மருந்து, பக்கவிளைவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று மூன்றையும் ஒப்பித்தால்தான் அந்தப் படி காலை வைக்க விடும். நாற்பதாவது படிக்கு வரும்போது முதல் படி என்னை மறந்துவிடும். "நீங்க யாருங்க?" என்று கேட்கும். திரும்ப மேலே போக வேண்டும். டீக்கடை கீழே இருந்தது. மூன்று மாதத்தில் இரண்டு டீதான் குடித்தேன்.

அப்பாவை மட்டும் நான் திருப்பவே இல்லை. ஆஸ்துமாக்காரருக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேர்வில் ஏ வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

உத்தேச விடைக்குறிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நூற்றுப் பதினேழு: பி.

பி எழுந்தார். கை கழுவினார். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அவர் நெஞ்சின் மேல் கையை வைத்தார்.

"கீ வந்துருச்சுங்க. நான்தானுங்க சரி" என்றார்.

அப்பாவின் நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்தது.

"கையை எடுங்க."

"என் மேல வருத்தப்படாதீங்க. போட்டது அவங்க."

நான் ஏ-வைப் பார்த்தேன். அவர் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீயில பேரில்லாம நான் தொட்டா கேஸாயிருமுங்க" என்றார்.

என் மதிப்பெண்ணும் அன்றே வந்தது. நூற்று நாற்பத்தொன்பது. அந்த நேரத்தில் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்றால் அது பொய். ஆனால் அப்பாவுக்கு உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அதுதான் பெரிதாக இருந்தது.

ஆட்சேபணை அலுவலகத்துக்கு அப்பாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிப் போனேன். பி கையை எடுக்காமல் கூடவே வந்தார். "பாத்து வாங்க, படி இருக்குது" என்று எச்சரிக்கவும் செய்தார். மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள். கேள்விக்கு ஒரு கதவு. நூற்றுப் பதினைந்து தாண்டினோம், பதினாறு தாண்டினோம். அப்பா ஒரு முறை இளைத்தார். தாழ்வாரம் நீண்டுவிட்டது, மறுபடி நூற்றுப் பதினைந்து வந்தது. அப்பா புரிந்துகொண்டு மூச்சை அடக்கிக்கொண்டார். அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே வேதமாணிக்கம் என்ற எழுத்தர் இருந்தார். அப்பாவுக்கு நாற்காலி போட்டார். நல்ல மனிதர்தான்.

"ஆட்சேபணையா? ஆதாரம்?"

நான் அப்பாவைக் காட்டினேன்.

"இது கேள்விம்மா. கேள்வியே ஆதாரமாக முடியாது. புத்தகம் வேணும்."

புத்தகத்தைக் கொடுத்தேன்.

"பத்தொன்பதாம் பதிப்பு. இருபது கொண்டாங்க."

ஓடிப்போய் இருபதைக் கொண்டுவந்தேன். அதே வரி, அதே பக்கம். அவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒவ்வொரு காற்புள்ளியாக ஒப்பிட்டார்.

"யோவ், மனுஷன் செத்துட்டிருக்காருய்யா!" என்று கத்தினேன்.

"கேள்வியில அப்படிப் போடலியேம்மா. ஆஸ்துமான்னு போட்டிருக்கு. அது விவரம். நீங்க சொல்றது புகார்."

"எதுக்கு அம்மிணி சத்தம் போடற" என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்றார். "அவரு வேலைய அவரு பாக்கறாரு."

எனக்கு அப்பாவை அடிக்கலாம் போல இருந்தது. இவருடைய இந்தக் குணத்தால்தான் நாங்கள் எங்கேயும் கடைசி வரிசையில் நின்றோம்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கேள்விக்கும் உங்களுக்கும் உறவு உண்டா? உண்டென்றால் ஆட்சேபணை செல்லாது. "இல்லை" என்று எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லாயிருக்குது" என்றார்.

மூன்று நிபுணர்கள் வந்தார்கள். மூவர் கழுத்திலும் ஸ்டெதஸ்கோப் இருந்தது. அதைப் புத்தகத்தின் மேல் வைத்துக் கேட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார் நடுவில் இருந்தவர்.

வேதமாணிக்கம் முத்திரை குத்தினார். ஆட்சேபணை ஏற்கப்பட்டது. பி சட்டென்று கையை எடுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். ஏ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அப்பா முழுசாக ஒரு மூச்சு இழுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏனுங்கப்பா, நான் சொல்லல?" என்று அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

வேதமாணிக்கம் பக்கத்தைத் திருப்பினார். "ஏற்கப்பட்டதால கேள்வி நீக்கம். எழுதின எல்லாருக்கும் ஒரு மார்க்."

"நீக்க வேண்டாங்க. விடைய மாத்துனாப் போதும்."

"மாத்தினா பி-ன்னு எழுதினவங்க வழக்குப் போடுவாங்க. நீக்கினா யாருக்கும் சங்கடம் இல்ல."

நாற்காலி காலியாக இருந்தது. செருப்பும் இல்லை.

"எங்கங்க அவரு?"

"யாரும்மா?"

"நூத்திப் பதினேழு."

அவர் பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். "அப்படியொண்ணு கேக்கவே இல்லையே" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

கதவு திறந்தது. நூற்று நாற்பத்தொன்பதில் நின்றிருந்த இருபது பேர் உள்ளே வந்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டார்கள். "உங்க புண்ணியமுங்க, எங்க உசுரக் காப்பாத்திட்டீங்க" என்றார்கள். யாரோ என் வாயில் லட்டைத் திணித்தார்கள். நான் பாஸ். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடு, இருந்தது. அப்பா என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. வாய் நிறைய லட்டு.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் வந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குத் தண்ணீரே வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு அப்பாவின் நாற்காலியில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். நூற்றுப் பதினெட்டு. கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. கழுத்து முன்னால் தள்ளியிருந்தது. விரல்கள் நடுங்கின. அவ்வளவு பெரிய அறையில் அவளுக்கு மட்டும் வியர்த்தது.

"இங்க ஒருத்தர் இருந்தாருங்களே" என்றேன்.

"நூத்திப் பதினாறுக்கு அப்பறம் நாந்தான் கண்ணு. நீ டாக்டரா?"

"ஆமாங்க." முதல் முறையாக அப்படிச் சொன்னேன்.

"அப்ப எனக்கு என்னன்னு சொல்லு பாக்கலாம்."

"தைராய்டு அதிகமாச் சொரக்குதுங்க."

"நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை ஆடுது. ஒடனே அடங்கறதுக்கு என்ன குடுப்ப?"

அவளுக்கு இளைப்பு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். இரண்டு முறை கேட்டேன்.

"ப்ரோப்ரனலால்" என்றேன்.

பி சுவரோரத்திலிருந்து வந்தார். ஜில்லென்ற கையை அவள் நெஞ்சின் மேல் வைத்தார். அவள் விரல்கள் ஆடாமல் நின்றன. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்படிப் பட்டுப் பட்டுன்னு சொல்றயே சாமி" என்றாள். "உன்னையப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க."

"ஆமாங்க" என்றேன்.