கொடியில் நனைந்த துணி

பொத்தான் தைக்கிற அறையில் மெஷின் சத்தம் கிடையாது. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி கதை படிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் பிரித்துத் தைத்துவிடுவார்கள். அன்று படித்தது அண்ணி. மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் அவளுடைய நாத்தனார், அறையே ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் சின்னப் பெண்.

பழைய காலத்துக் கதை. ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி தினமும் துவைத்துக் கொடியில் போடுகிறாள். ரயில்கள் வருகின்றன, போகின்றன. புருஷன் குறை சொல்ல மட்டும் வாயைத் திறக்கிறான். கடைசி வரி: ‘அன்று இரவெல்லாம் துணி கொடியிலேயே நனைந்துகொண்டிருந்தது.’

“அவ்வளவுதானா? மழைக்குத் துணி எடுக்காம என்ன கிழிச்சா அந்த மகராசி?” என்றாள் காஜா எடுக்கிற அக்கா.

“காய்ச்சலா இருக்கும்.”

“தூங்கியிருப்பா. எல்லாரும் உன்னை மாதிரி கோழித் தூக்கமா தூங்குவாங்க?”

அண்ணி புத்தகத்தை மூடினாள். “ரயில் ஏறிட்டா,” என்றாள், ஏதோ தானே போய் வழியனுப்பிவிட்டு வந்தவள் மாதிரி.

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. அவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரியும்? அவள் அண்ணனும் குழம்பில் உப்பு கூடினால்தான் வாயைத் திறப்பவன். போன வாரம்தான் அண்ணி பழைய பைக்கு ஜிப் மாற்றியிருந்தாள். “எதுக்கு அண்ணி?” என்று கேட்டதற்கு, “அறுந்தா மாத்தக் கூடாதா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிப் போய்த் தனியாக உட்கார்ந்து படித்தாள். ரயில் ஏறியதாக ஒரு வார்த்தை இல்லை. அப்பாடா என்றிருந்தது. சந்தேகம் விடவில்லை, இன்னொரு தரம் படித்தாள். கடைசிப் பக்கத்துக் கொடியில் தொங்குவது எல்லாமே சட்டையும் வேட்டியும். அந்த மனைவியின் புடவை ஒன்றுகூட இல்லை!

எழுந்து மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கொடியில் அண்ணனுடைய சட்டைகள், தன்னுடைய பாவாடை, தாவணி. அண்ணியின் துணி ஒன்றும் இல்லை. அண்ணி இல்லாத அந்த வீட்டில், அண்ணனுடன் தான் மட்டும்.

மறுநாள், “நான் படிக்கிறேன்,” என்றாள்.

“அடியே, ஊமைக்கோட்டான் வாயைத் திறந்துடுச்சு! மழைதான் வரப்போகுது,” என்றாள் காஜா அக்கா.

அதே கதையைப் படித்தாள். கொடி, மழை, நனைந்த துணி எல்லாம் வந்தபின் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “ஆனால் அவள் தனியாகப் போகவில்லை.”

அண்ணியின் ஊசி நின்றது. “அப்படிப் புத்தகத்துல இல்லையே.”

“அவ ரயில் ஏறினதாவும்தான் இல்ல, அண்ணி.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், சட்டையை உதறி மடித்தாள். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

“வீட்டுக்குப் போனதும் உன் துணியையும் கொடியிலேர்ந்து எடுத்துடு.”