காந்தம் யாரிடம் இருப்பது

என் வீட்டுக்காரர் மலைச்சாமி எனக்குப் புருஷனா, காவல்காரனா என்று விளாங்குடியில் பாதிப் பேருக்குச் சந்தேகம். எனக்கு வலிப்பு வரும். அதனால் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நிழல் மாதிரி பின்னால் நிற்பார்.

இரண்டாயிரத்து நாலில் சென்னையில் என் இடது நெஞ்சில், தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்தார்கள். அது கழுத்து நரம்புக்கு அவ்வப்போது லேசாக மின்சாரம் அனுப்பும். வலிப்பு நன்றாகக் குறைந்தது. வருகிற மாதிரி தெரிந்தால் கருவிக்கு மேலே ஒரு காந்தத்தைக் காட்டி எடுக்க வேண்டும். உடனே கூடுதலாக ஒருமுறை அனுப்பும். நானே செய்துகொள்ளலாம் என்றுதான் டாக்டர் காந்தத்தை என் கையில் கொடுத்தார். பத்திரம் என்று வாங்கி வைத்துக்கொண்டது இவர்.

எழுமலையில் ஒரு நர்சரிப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தனியாகத்தான் போய்வருவேன் என்றேன். கூடவே கூடாது என்றார். நான் அவரோடு பேசுவதையே நிறுத்திய பிறகுதான் இறங்கி வந்தார்.

"மொத நாளு நானும் வாரேன். பெறகு பாப்போம்."

அவருடைய "பெறகு பாப்போம்" எனக்குத் தெரியாதா! ஆயுசு முழுக்க வருவார்.

அந்த முதல் நாள், உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் எழுமலை வண்டிக்கு நின்றபோது வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறியது. வலிப்புக்கு முன்னால் எனக்கு அப்படித்தான் இருக்கும்.

"மாமா, காந்தம்!"

பதறிப்போய்ப் பைக்குள் கையை விட்டார். வந்தது இரும்புச் சாவிக்கொத்து. காந்தம் அதில் அப்பிக் கிடந்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கிற பழக்கத்தை மனுஷர் இன்னும் விடவில்லை. இரண்டும் வைத்தியம்தானே என்று ஒரே பையில் போட்டிருக்கிறார்! பிய்க்கப் பார்த்தார், முடியவில்லை. நான் கொத்தோடு பிடுங்கி நெஞ்சுக்கு மேலே இழுத்தேன். கருவி மின்சாரம் அனுப்பியதில் தொண்டை ஒரு தடவை இறுகியது. ஏறியது அப்படியே அடங்கிவிட்டது.

"பாத்தீகளா, இரும்பு பட்டதும் நின்டுருச்சு" என்றார் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை.

டீ வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காந்தத்தைப் பிய்த்தெடுத்து என் கையில் வைத்து மூடினார்.

"நீயே வச்சுக்க, பாண்டீஸ்வரி. எங்கிட்ட இருந்தாத்தான் லேட்டாகுது. நான் வீட்டுக்குப் போறேன்."

வண்டியில் என்னை உட்காரவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எப்படியும் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிடுவார் என்று பாடம் நடத்திக்கொண்டே வாசலைப் பார்த்தேன். சாயந்தரம்வரை வரவில்லை. எனக்காக அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.