நல்ல கால்

“இன்னொரு தடவை நீட்டுங்க மாமா.”

“மூணு தடவை நீட்டியாச்சு. இதுக்கு மேல நீட்டினா கால் கழண்டு உன் கையோட வந்துடும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?”

“ஒரே தடவை. வலது கால் மட்டும்.”

“வலது காலுக்கு என்னடா குறைச்சல்? ரிப்பேர் பார்க்கச் சொன்ன வண்டியை விட்டுட்டு, ஓடுற வண்டியைப் பிரிச்சுப் போடுற.”

மச்சான் சிரிக்கவில்லை. பம்பரம் சொல்கிற அரைகுறை ஜோக்குக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவன், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் கால்பந்து கிளப்பின் பிசியோ. அவருடைய மனைவியின் தம்பி. ஒன்பது வருடமாக அவருடைய தசைகளை அவன்தான் பிடித்துவிடுகிறான், கட்டுப் போடுகிறான், திட்டுகிறான்.

சரி, பையன் ஏதோ கவலையில் இருக்கிறான் என்று எண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை நீட்டினார் பம்பரம்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருந்த பெயர் சிம்மாசனம். மார்புக்குக் குறுக்கே இரண்டு பட்டைகள், தொடைக்கு ஒன்று. கணுக்காலை ஓர் இரும்புக் கையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மடக்கிய காலை முழு பலத்தோடு நீட்ட வேண்டும். எவ்வளவு முட்டி மோதினாலும் இரும்புக் கை தன்பாட்டுக்கு, அதே வேகத்தில்தான் மேலே வரும். உள்ளே இருக்கும் பலம் எவ்வளவு என்பதைத் திரை ஒரு மலையாக வரைந்து காட்டும். யார் மலை உயரம் என்று இளவட்டங்கள் பந்தயம் கட்டுவார்கள். ஒரு காலத்தில் அந்தப் பந்தயத்தில் பம்பரத்தைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள்; முடிவு முன்கூட்டியே தெரிந்த பந்தயத்தில் என்ன சுவாரசியம்.

பம்பரம் என்பது ஒரு வானொலி வர்ணனையாளர் போட்ட பெயர். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், முதல் ஆட்டம். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கியவர், வலது காலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினார். அவரைத் தடுக்க வந்த இருவரும் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைப்பவர்கள் மூன்றே பேர்: வங்கிக்காரர், ஆஸ்பத்திரிக்காரர், கோபமாக இருக்கும்போது அவர் மனைவி.

இந்த சீசன் அவரைப் பிழிந்து காயப்போட்டிருந்தது. முதல் மாதமே பின்தொடையில் ஒரு கிழிசல். ஆறு வாரம் படுத்து எழுந்து வந்தால், இரண்டாவது ஆட்டத்தில் கெண்டைக்கால். அதுவும் ஆறி வந்த கையோடு, ஒரு மழை நாளில், இடது முழங்காலுக்குள் கயிறு அறுந்ததுபோல் ஒரு சத்தம். அறுந்தது கயிறல்ல, மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் நார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். வலி முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று ஒரு துண்டை எடுத்து மூடிக்கொண்டார். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் அது எப்படித் தெரிகிறது என்று அவருக்கு உறைத்தது.

அறுவைசிகிச்சை முடிந்து ஏழு மாதம், ஓய்வு பெறுவதா வேண்டாமா என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. முப்பத்தேழு வயதில் விடுவதில் வெட்கமில்லை. ஆனால் அந்தத் துண்டு. மக்கள் கடைசியாக அவரைப் பார்த்தது அப்படியா இருக்க வேண்டும்? தன் காலால் ஒரு தடவை உள்ளே போய், தன் காலால் வெளியே வந்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை இதே நாற்காலியில் அது கைகூடியது. காயம்பட்ட காலின் பலம் நல்ல காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருந்தால் ஆடலாம் என்பது விதி. திரையில் பச்சை எழுத்தில் தொண்ணூற்றாறு என்று வந்தது. அறைக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மச்சான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். தகுதிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டான். வரும் சனிக்கிழமை நடக்கிற கடைசி ஆட்டத்துக்கான பட்டியலில் கோச் அவர் பெயரை எழுதினார். திங்கட்கிழமை நிருபர்களிடம், “இன்னும் ஒரு வருஷம் ஆடுறேன், எழுதிக்கங்க” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டார் பம்பரம்.

இன்று வியாழன்.

மச்சான் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் மடியில் வைத்தான். அதிலும் இரண்டு மலைகள் இருந்தன.

“இது சீசன் ஆரம்பத்துல எடுத்தது மாமா. காலைல பழைய தாளையெல்லாம் அடுக்கும்போது கண்ணுல பட்டுச்சு. வலது கால் இருநூத்தி ஐம்பது.”

“இருக்கட்டும். அதுக்கு என்ன?”

“இப்ப நீட்டினீங்களே, அது நூத்தி அறுபத்தெட்டு. போன வெள்ளிக்கிழமையும் அதேதான்.”

பம்பரம் திரையைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். திரையில் இருந்தது மலையல்ல, யாரோ மண்ணைக் கொட்டிவிட்டுப் போன குவியல்.

“மெஷின் கோளாறு.”

“அதுக்குத்தான் நாலு தடவை நீட்டச் சொன்னேன். நானும் ஏறி உட்கார்ந்து பார்த்துட்டேன். சரியாத்தான் காட்டுது.”

“உன் தொப்பையைப் பார்த்து மெஷினே பயந்திருக்கும்.”

“மாமா.” அவன் திரையை விரலால் தொட்டுக் காட்டினான். “இடது கால் ஏறி வந்து வலது காலைப் பிடிக்கலை. வலது கால் இறங்கி வந்து இடது காலோட நின்னுடுச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்கு, அதனால பச்சை காட்டுது.”

வெளியே யாரோ பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பம்பரம் தன் வலது தொடையைப் பார்த்தார். பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. போன வாரப் பயிற்சியில் நாலைந்து முறை சுற்றப் போய்ச் சுற்ற வராமல் போனது நினைவுக்கு வந்தது. பூட்ஸ் சரியில்லை என்று மாற்றினார். புல் ஈரம் என்று குறை சொன்னார். காலை அவர் சந்தேகப்படவே இல்லை. கூடப்பிறந்தவனை எவன் சந்தேகப்படுவான்.

“வெள்ளிக்கிழமை இதைப் பார்க்கலையா நீ?”

“படிவத்துல ஒரே ஒரு கட்டம்தான் மாமா. சதவீதம் மட்டும் எழுதணும். வேற யாராவது உட்கார்ந்திருந்தா பழைய தாளை எடுத்துவச்சுப் பார்த்திருப்பேன். நூறு பேருக்குப் பார்த்திருக்கேன். உங்களுக்குப் பச்சை வந்ததும் எனக்குக் கண்ணு தெரியலை. ஓடிப்போய் அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.”

“சரி. திரும்ப வருமா?”

“இருபத்திரண்டு வயசுன்னா ஆறு மாசம்னு சொல்லுவேன்.”

“எனக்குச் சொல்லுடா.”

மச்சான் குனிந்து கணுக்கால் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தான். “நடக்க, மாடி ஏற, சைக்கிள் ஓட்ட எல்லாத்துக்கும் வரும். நான் கொண்டுவந்துடுவேன்.”

சைக்கிள் என்ற சொல் அவரை எங்கோ குத்தியது. பிறகு சந்தையில் பேரம் பேசுகிறவர்போலக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“கடைசி இருபது நிமிஷம். அவ்வளவுதான். ஒரு ஓரமா நின்னுட்டு வந்துடுறேன்.”

“பதினெட்டு நிமிஷம் நிப்பீங்க. மீதி ரெண்டு நிமிஷத்துல பந்து வரும். வந்தா வலது காலை ஊனிச் சுத்துவீங்க. சுத்தாம இருக்க உங்களால ஆகாது மாமா. அந்தக் கால் அதைத் தாங்காது. அப்புறம் ரெண்டு மூட்டும் போச்சு.”

“படிவம்?”

“நாளைக்கு மத்தியானம் கால்பந்துச் சங்கத்துக்குப் போகுது. அதுக்குள்ள ஆபீஸ்ல வாங்கிக் கிழிக்கணும்.”

“கிழிக்கலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?”

“ஒருத்தருக்கும் தெரியாது.” பட்டையை வளையம் வளையமாகச் சுருட்டினான் மச்சான். “ஆனா ஏதாவது ஆச்சுன்னா நான் அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?”

“நல்லா இருக்குடா. எதிர் டீமுல ஆயிரம் பேர் முயற்சி பண்ணி முடியலை. என் காலை வாரிவிட நான் பெண்ணெடுத்த வீட்டுல இருந்தே ஆள் வந்திருக்கு.”

சொல்லி முடிக்கும்போதே அது அதிகப்படி என்று அவருக்குத் தெரிந்தது. மச்சான் அதை வாங்கிக்கொண்டான். எப்போதும்போல் மண்டியிட்டு அவருக்கு ஷூ மாட்டிவிட வந்தான். பம்பரம் காலை இழுத்துக்கொண்டு, தானே மாட்டிக்கொண்டு, முடிச்சுகூடப் போடாமல் எழுந்து நடந்தார்.

நடைபாதையில் அறிவிப்புப் பலகை. பதினெட்டுப் பெயர்கள். கடைசியில் பேனாவால் எழுதிச் சேர்த்தது அவருடையது. நிற்காமல் கடந்தார். மைதானத்தின் ஓரமாகப் போகும்போது புல்தரையைப் பராமரிக்கிற பெரியவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வேகவேகமாக வந்தார்.

“அண்ணே, ஒரு நிமிஷம். புல் வழுக்குதுன்னு போன வாரம் சொன்னீங்கல்ல? வலது மூலையில ரெண்டு நாளா தண்ணியே விடலை. கையை வச்சுப் பாருங்க, பாய் மாதிரி இருக்கு. சனிக்கிழமை நீங்க எப்படி வேணும்னாலும் சுத்தலாம்.”

பம்பரம் குனிந்து புல்லின் மேல் கையை வைத்தார். காய்ந்து, சூடாக இருந்தது. நுனிகள் பழுக்கத் தொடங்கியிருந்தன.

“நல்லா இருக்கு அண்ணே” என்றார். வயதில் மூத்தவர் தன்னை அண்ணே என்று அழைப்பதும், தான் அவரை அண்ணே என்று அழைப்பதும் இருவருக்கும் பதினெட்டு வருடப் பழக்கம். “தண்ணி விடுங்க. பாவம், புல் வாடுது.”

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கூடத்தில் யாரும் இல்லை. மாடிக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று படிக்கட்டுக்கு வந்தார். கைப்பிடியில் கையை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அறுவைசிகிச்சை முடிந்த மறுநாள் மச்சான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கெட்ட கால் முதலில். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தினமும் ஒப்பித்து, ஏழு மாதத்தில் அது தானாக வரும்படி ஆகியிருந்தது. இப்போது முதல் படியின் முன்னால் எந்தக் காலைத் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஏன் அங்கேயே நின்னுட்டீங்க?”

மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கடை வேலையிலிருந்து வந்து உடை மாற்றியிருக்கவில்லை. சட்டைப்பையில் சின்ன டார்ச் அப்படியே இருந்தது.

“சும்மாதான். உன் தம்பி போன் பண்ணினானா?”

“பண்ணினான். ஒரு வார்த்தை பேசலை. அழுதுட்டு வச்சுட்டான்.”

அவர் மூன்றாவது படியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார், இருநூற்றைம்பது, நூற்று அறுபத்தெட்டு, ஒற்றைக் கட்டம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

“உனக்குத் தெரியுமா?”

“கணக்கெல்லாம் தெரியாது.” அவள் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். “எப்பவும் வலது காலை ஊனி, கொக்கு மாதிரி நின்னுக்கிட்டே அடுத்த காலுக்கு சாக்ஸ் மாட்டுவீங்க. ரெண்டு மாசமா கட்டில்ல உட்கார்ந்துதான் மாட்டுறீங்க.”

“எனக்கே தெரியாது.”

“தெரியாம செய்யறதுதான் உண்மை.”

“ஏன் சொல்லலை?”

அவள் அவருடைய அவிழ்ந்த ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வெள்ளிக்கிழமை நீங்க வந்தப்ப சிரிச்சுக்கிட்டே வந்தீங்க. சாப்பிடும்போதும் சிரிச்சீங்க. உங்களை அப்படிப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு. எனக்கு வாய் வரலை.”

பம்பரம் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. உள்ளங்கைகள் ஈரமாக இருந்தன. இந்தக் கால் தன்னிடம் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை என்பதை நினைத்தார். கெட்ட கால் கத்திக் கத்தி ஊரைக் கூட்டியது. ஊசி, கட்டு, பழங்கள், பூங்கொத்து எல்லாம் அதற்கே கிடைத்தன. இது அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. குனிந்து அதைத் தடவிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது. மனைவி முன்னால் கூச்சமாக இருந்ததால் கையை முழங்கால் வரை கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டார்.

அவளுடைய கைபேசி இருவருக்கும் நடுவில், படியின் விளிம்பில் கிடந்தது.

பதினெட்டு வருடத்தில் அவர் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. பந்தைக்கூடக் கேட்டதில்லை, கையைத் தூக்கினால் வந்துவிடும். கேட்பதற்கு எந்தக் குரல் வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு” என்றார். “நான் சொன்னா கேட்க மாட்டான். அவனை வளர்த்தவ நீ.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு வருஷமெல்லாம் வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல நானே எல்லாருக்கும் சொல்லிடுறேன், விட்டுட்டேன்னு. அந்த இருபது நிமிஷம் மட்டும். நடந்து உள்ள போய், நடந்து வெளிய வந்துடுறேன்.” கைபேசியை அவள் பக்கம் தள்ளினார். “படிவத்தைக் கிழிக்க வேணாம்னு நீ அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”