இருநூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள்

தியோதுலோ தன் டெலிவிஷன் நிலையத்திலிருந்து எதைச் சொன்னாலும், தாக்யாவின் கம்பியில் ஏறினால் சரியாக ஒரு நாள் கழித்துத்தான் வீடுகளுக்குப் போய்ச் சேரும். தாக்யாவின் நிலையத்துப் பாட்டும் சேவல்சண்டை முடிவும் அதே கம்பியில் கண்ணிமைப்பதற்குள் போய்விடும். சான் ரெமோன் ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. சோறு போட்டவளுக்குத்தானே நாய் வாலாட்டும்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் டெலிவிஷனுக்கும் டெலிபோனுக்குமாக அவள் இருநூற்றுப் பன்னிரண்டு கம்பம் நட்டபோது, புது வீட்டுத் தூணுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு குழியிலும் சேவல் இரத்தம் விட்டாள். அண்டியவர்களைக் காப்பாற்று என்றுதான் அப்போது வேண்டிக்கொள்வார்கள். சந்தைக்காரி மகளான தாக்யா, என் வீட்டுப் பேச்சை முதலில் கொண்டு போ என்று வேண்டினாள். கம்பி வாக்குத் தவறவில்லை.

நேற்றைய மீன் விலையை வைத்து இன்று பேரம் பேசியவர்கள் சிரித்துக்கொண்டே ஏமாந்தார்கள். ஆனால் ஓர் அக்டோபரில், புயல் வருகிறது என்று தியோதுலோ சொன்னது புயல் போன பிறகு வந்தது. பதினோரு படகுகள் கவிழ்ந்தன. தாக்யாவின் தம்பி ருப்பெர்த்தோ ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் நாள் கரையேறினான்.

"மனாங், உன் கம்பி என்னையும் வேத்தாளுன்னு நெனச்சிருச்சு போல," என்றான் அக்காவிடம்.

நகரசபை ஒரே வரியில் தீர்மானம் போட்டது: கம்பி வைத்திருப்பவர் நிகழ்ச்சி நடத்தக் கூடாது, இரண்டில் ஒன்று. தாக்யாவின் குரலில்தான் ஊருக்கே பொழுது விடியும் என்பதால், கம்பியைத்தான் விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். தியோதுலோ முந்திக்கொண்டு வந்தான்.

"துருப்பிடிச்ச கம்பம்தானே, மனாங். என் மச்சானுக்கு விட்டுக் கொடேன்."

"மச்சான் கைக்கும் உன் கைக்கும் நடுவுல எத்தனை விரற்கடைடா, தியோதுலோ? என் ஸ்டுடியோவை நீ எடுத்துக்க, மைக்கோட. பேச்சு போற ரோடு, இந்தக் கம்பி, என்கிட்ட இருக்கட்டும்."

இருநூற்றுப் பன்னிரண்டு சேவல்களோடு மறுபடி கம்பம் கம்பமாக நடந்தாள். யாருடையது என்று கேட்காதே, வந்ததைக் கொண்டு போ என்று இம்முறை வேண்டினாள். கடைசிக் கம்பத்தில், என் குரலை மட்டும் ஏற்றாதே என்றும் சேர்த்துக்கொண்டாள். இளநீரில் வெந்த கோழியை ஊர் ஒன்பது நாள் தின்றது. அன்று முதல் அவள் டெலிபோனை எடுத்தால் எதிர்முனைக்கு மூச்சுக்கூடக் கேட்பதில்லை.

ஆள் பார்த்து நிற்கும் வேலை ஒழிந்ததால் கம்பிக்கு வேகம் வந்துவிட்டது. மறு அக்டோபரில் புயல் வருகிறது என்று சொல்ல தியோதுலோ மைக் முன் தொண்டையைக் கனைத்தபோதே ருப்பெர்த்தோ அவனை டெலிபோனில் கூப்பிட்டான்: "கேட்டாச்சு, படகையும் கரையேத்தியாச்சு. நீ போய்ச் சாப்பிடு."

இப்போதெல்லாம் தியோதுலோ நிகழ்ச்சிக்கு முன் ஏதாவதொரு வீட்டைக் கூப்பிட்டு, தான் என்ன சொல்லப்போகிறோம் என்று கேட்டுக்கொள்கிறான். தாக்யா முதல் கம்பத்தடியில் நாற்காலி போட்டு, மேயருக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"இதுல என் வார்த்தை ஒண்ணுகூட இல்ல," என்கிறாள், விசாரிப்பவர்களிடம், முகவாயை நிமிர்த்தி.