நாலு விரல்

லாரிக்காரர் தன் வாழ்நாளில் கியர் ஆயில் வாங்கியதே இல்லை. முப்பத்திரண்டு வயதான அந்த லாரிக்கு எல்லாம் மச்சினன்தான் பார்த்தான். வருடத்துக்கு ஒருமுறை டப்பாவோடு வருவான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டே, "அக்கா, டீ!" என்று குரல் கொடுப்பான். இப்போது அக்காவும் இல்லை, அவனும் வருவதில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது.

மழை தொடங்கியபோது கியர்பாக்ஸில் ஒரு சீல் கசிந்தது. மெக்கானிக் சீலை மாற்றிவிட்டு, "ஆயில் மட்டும் நீங்க வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "இது ஜிஎல் நாலு, இது ஜிஎல் அஞ்சு. அஞ்சுதான் ஒசத்தி. புது வண்டிக்கெல்லாம் இதான் போகுது."

நாலை விட அஞ்சு பெரிது என்பது லாரிக்காரருக்கும் தெரியும். அஞ்சையே வாங்கினார். மெக்கானிக்கும் மறுபேச்சில்லாமல் ஊற்றினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். மரக்கடையில் பலகை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது இரண்டாவது கியர் நறநறவென்று பல்லைக் கடித்தது. மறுநாள் காலையிலும் கடித்தது. கிளச்சை இரண்டு தடவை மிதித்தால்தான் விழுந்தது. "என்னடி கோபம் உனக்கு?" என்று கேட்டார். நாள் முழுக்க அவர் பேசுவது அந்த வண்டியோடு மட்டும்தான்.

மெக்கானிக் கொஞ்சம் ஆயிலை இறக்கி உள்ளங்கையில் தேய்த்தார். வெயிலில் அது பொடிப்பொடியாக மின்னியது.

"தங்கம்னு நினைச்சுடாதீங்க. பித்தளை. உள்ள கியரை நறநறக்காம விழ வைக்கிற சின்க்ரோ வளையம் தேயுது."

"ஆயிலாலயா?"

"இருக்கலாம். பழைய கியர்பெட்டிக்கு நாலுதான்னு சில பேரு சொல்றாங்க. அஞ்சு ஊத்தி வருஷக்கணக்கா ஓட்டுறவங்களும் இருக்காங்க. இன்ஜின் ஆயிலே ஊத்துறவங்களையும் பார்த்திருக்கேன். வண்டியோட வந்த புக்கு இருக்கா?"

புத்தகம் வீட்டு அலமாரியில் இருந்தது. கியர்பாக்ஸ் பக்கங்களைப் பூச்சி அரித்திருந்தது; தொட்டதும் உதிர்ந்தன. அலமாரியில் மனைவியின் சேலைகள் அவள் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தன. கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சரியான பதில் தெரிந்தவன் ஒருவன்தான். ஆனால் அவள் சாவு வீட்டில், அத்தனை பேர் நடுவில் அவன் சொன்ன சொல் இன்னும் ஆறவில்லை. "நீங்க வண்டியக் கட்டிக்கிட்டு சுத்துனீங்க. எங்க அக்கா தனியாக் கெடந்து செத்தா." அவள் இறந்த அன்று அவர் லோடு இறக்க வெகுதூரம் போயிருந்தது உண்மைதான். "இனி என் வாசப்படிய மிதிக்காத" என்று அவர் சொன்னதும் உண்மைதான்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மரக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, போனை எடுத்தார். ஆயிலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மச்சினனின் மனைவிதான் எடுத்தாள். "அண்ணா... நீங்களா?"

"ஆமாம்மா. அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வண்டி விஷயம்தான்."

"உங்களுக்கு யாரும் சொல்லலையா? அவர் விழுந்து எட்டு மாசம் ஆச்சுண்ணா. வலது பக்கம் முழுக்க போயிடுச்சு. பேச்சு வரல. காது கேக்கும், எல்லாம் புரியும்."

எட்டு மாதம். ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி லாரிக்காரர் யாரோடும் பழகவும் இல்லை.

"போனை அவர் காதுகிட்ட வைக்கவா? என்ன கேக்கணுமோ கேளுங்க."

மூச்சு மட்டும் கேட்டது. "டேய்," என்றார். "கியர்பாக்ஸுக்கு நாலா, அஞ்சா?" என்று கேட்டார்.

அவள் குரல் வந்தது. "நாலு விரல் காட்டுறாருண்ணா."

"ஆயிலோட கெட்டி, டப்பால போட்டிருக்கிற எண்பது தொண்ணூறு நம்பர்தானே?"

"தலையாட்டுறார்... இருங்க, இப்ப அஞ்சு விரலையும் விரிக்கிறார். பின்னாடி பின்னாடின்னு கையக் காட்டுறார். எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்குப் புரியுதும்மா. பின் அச்சுக்கு அஞ்சு."

"ஆமாவாம். ரெண்டையும் மாத்தி ஊத்திடக் கூடாதுன்னு கட்டில்ல கைய அடிச்சு அடிச்சுக் காட்டுறார்." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அன்றே மெக்கானிக் பழையதை முழுக்க இறக்கிக் கழுவிவிட்டு நாலை ஊற்றினார். "அஞ்சுல இருக்கிற மருந்து பின் அச்சுப் பல்லுக்குத்தான் நல்லது. பித்தளைக்கு ஆகல போல" என்றார். நாலைந்து நாளில் கியர் அடங்கியது. குளிர்ந்த காலையில் மட்டும் ஒருமுறை முனகும். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னபோது மச்சினன் மனைவி தயங்கினாள். "வாங்கண்ணா. ஆனா லாரில வேண்டாம். சத்தம் கேட்டா எந்திரிக்கப் பாப்பார், விழுந்துடுவார்."

பஸ்ஸில் போனார். மச்சினன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். பாதியாக இளைத்திருந்தான். வலது கையை யாரோ எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. அவரைப் பார்த்ததும் இடது கையால் காற்றில் கியர் போட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினான்.

"விழுதுடா. காலைல மட்டும் முனகுது."

சாவு வீட்டில் அவன் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வருடமாகப் பதில் சேர்த்து வைத்திருந்தார். வண்டி ஓட்டிக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த பதில்கள். எதிர்த்து வாதாட இப்போது அவனிடம் பேச்சில்லை.

"நீ சொன்னது சரிதான். அவ தனியாத்தான் போனா" என்றார்.

மச்சினன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அது மன்னிப்பா, கோபமா, வெறும் களைப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் திரும்புவான் என்று பஸ்ஸுக்கு நேரமாகும்வரை காத்திருந்தார்.

வாசலில் மச்சினன் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த வாரமும் வாங்கண்ணா. வேற யாரும் வர்றதில்ல."

"எனக்கும் போறதுக்கு வேற வீடு இல்லம்மா" என்றார்.

பஸ் நிறுத்தம்வரை நடந்தே போனார்.