சந்தனப் பொட்டிட்ட கறுப்புப் பந்து

1991ஆம் ஆண்டு ஆயுதபூஜைக்கு மறுநாள், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்சாலையொன்றின் மனமகிழ் மன்றத்தில் பில்லியர்ட்ஸ் இறுதிப் போட்டி நடந்தது. வெல்பவருக்கு மன்றப் பொறுப்பாளர் வேலை. உட்கார்ந்து பார்க்கும் வேலை. தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தின் முன் நின்றே தோள் தேய்ந்துபோன எல்லப்பனுக்கு அது கிடைத்தால்தான் எஞ்சிய உடம்பாவது மிஞ்சும். எதிராடிய இளைஞன் ரகுவுக்கோ மன்றத்துத் தொலைபேசிமேல் கண். பிள்ளைப்பாக்கத்து மனைத் தரகை அங்கிருந்தே பேசி முடிக்கலாம். நிற்க முடியாதவருக்கு உரிய நாற்காலியை, நன்றாக நின்று ஆடுபவருக்குப் பரிசாக வைத்த நிருவாகத்தின் அறிவை மெச்சத்தான் வேண்டும்.

பூஜைக்காக இயந்திரங்களைக் கழுவியவர்கள், ஆர்வ மிகுதியில் மேசையின் பச்சைத் துணியையும் குழாய் நீரால் கழுவியிருந்தார்கள். பந்து ஒவ்வொன்றிலும் கெட்டியாகச் சந்தனப் பொட்டு. எல்லப்பன் துடைக்கப்போனபோது காவலாளி பரசுராமன் தடுத்தார்.

“அம்மனுக்கு வெச்சது நைனா. தொடைச்சா நல்லா இருக்காது.”

ஆகவே பொட்டோடே ஆடினார்கள். ரகு அடித்த பந்துகள் ஈரத்தில் தயங்கின. பொட்டில் இடறி விலகின. எல்லப்பனுக்கு மட்டும் எதுவும் மறைந்திருக்கவில்லை. எந்த மூலை இன்னும் காயவில்லை, எந்தப் பொட்டு எந்தப் பக்கம் இழுக்கும், எல்லாம் கோலை எடுக்குமுன்பே புலப்பட்டன. இத்தனை ஆண்டு ஆடியும் ஆட்டம் அவரிடம் இப்படித் தன்னைத் திறந்து காட்டியதில்லை. அதற்கு மகிழத்தான் தெம்பில்லை; காலை ஷிப்டை முடித்த கையோடு வந்திருந்தார்.

இறுதியில் இருவருக்கும் பொதுவாகக் கறுப்புப் பந்து ஒன்றே மீந்தது. அதைக் குழியில் தள்ளுபவரே வென்றவர். முறை எல்லப்பனுடையது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இன்னாண்ணே, பந்துக்கு ஜோசியம் பாத்துகினு கீறியா?” என்றான் ரகு. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பொட்டு இடப்பக்கம் இழுக்கும்; சற்றே வலமாக அனுப்ப வேண்டும். ஈரத்தைத் தாண்ட முழு வீச்சு வேண்டும். அந்த வீச்சு தோளில் இல்லை என்பதும் அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. குழிக்கு அடிக்காமல் பந்தை ஒதுக்கி ஆடினால் இன்னொரு சுற்று. அதற்கும் தோள் தாங்காது. அடித்தார்.

கறுப்புப் பந்து அவர் மனத்தில் கீறிய கோட்டின்மேலேயே உருண்டு, வளைந்து, குழியின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது. ரகு தொட்டாற்போல் தட்டி அதை உள்ளே தள்ளினான்.

பரசுராமன் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார்.

“வழி சரிதாம்பா. கைதான் வர்ல” என்று சொல்லிவிட்டு, எல்லப்பன் கோலைச் சுவரில் சாத்தினார்.

ரகு அதற்குள் நாற்காலியில் அமர்ந்து தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பிரஸ் பகுதியில் ஓ.டி. பார்க்க ஆள் கேட்டு சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். எல்லப்பன் தோளைத் தேய்த்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தார்.